ரான் கார்ட்டரை எங்கே உட்கார்ந்து கேட்பது?

எண்பது வயதைத் தாண்டிய ஜாஸ் மேதைகளின் கச்சேரிக்குக் காசு கொடுத்துப் போகலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இடத்தில், எந்த வரிசையில்? ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸை வாசிக்கும் ரான் கார்ட்டரை நியூயார்க்கின் ப்ளூ நோட் கிளப்பில் மேடையை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து கேட்பது ஒரு அனுபவம். அதே மனிதரைப் பெரிய அரங்கத்தின் மாடியிலிருந்து கேட்பது வேறு. முன்னதற்குத் தயங்காமல் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். பின்னதற்கு மூன்று கொடுக்கவே யோசிப்பேன்.

முதலில் ப்ளூ நோட். மன்ஹாட்டனின் கிரெனிச் வில்லேஜில், மேற்கு மூன்றாம் தெருவில் 131ஆம் எண். 1981இல் திறந்த கிளப். நான் ஜெர்சி சிட்டிக்காரன். பாத் ரயிலில் ஒன்பதாம் தெரு நிறுத்தத்தில் இறங்கி நடந்தே போய்விடுவேன். மேசைக்கு ஒரு விலை, பின்னால் பார் பக்கத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. மேசையில் உட்கார்ந்தால் ஆளுக்கு 20 டாலருக்காவது சாப்பிடவோ குடிக்கவோ வேண்டும். இருக்கை எண் கிடையாது. முதலில் வந்தவருக்கு முன்மேசை. ஆகவே மழையானாலும் குளிரானாலும் கதவு திறப்பதற்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்புக்குத்தான் உண்மையில் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். மேசைகள் நெருக்கமானவை, பக்கத்தில் இருப்பவரின் முழங்கை படும். எனக்கு அது ஒரு குறையே இல்லை. நானூறு பேர் உட்காரும் இடமாக இருந்திருந்தால் கார்ட்டரின் விரலை நான் பார்த்திருக்க முடியாது.

இங்கே கலைஞர்களின் அறை மாடியில். படியிறங்கி, மேசைகளுக்கு நடுவே நடந்துதான் மேடைக்கு வர வேண்டும். அதனால் கச்சேரி தொடங்குமுன்னே ஒரு கணம், ரான் கார்ட்டர் உங்கள் நாற்காலியை உரசிக்கொண்டு போவார். நெடிய உருவம். கோட்டு, டை, சட்டைப்பையில் மடித்துச் செருகிய கைக்குட்டை. கூட வாசிக்கும் மூவரும் அதே மாதிரி உடுத்தியிருப்பார்கள். அவர் குழுவில் இது விதி. வேலைக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லும் உடை. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

நான் கேட்டது அவருடைய நால்வர் குழுவான ஃபோர்சைட் குவார்ட்டெட். பியானோவில் ரெனீ ரோஸ்னஸ், டெனர் சாக்ஸஃபோனில் ஜிம்மி கிரீன், டிரம்ஸில் பேட்டன் கிராஸ்லி. தொடங்கியவர்கள் நிறுத்தவே இல்லை. ஒரு பாட்டு முடிந்து கைதட்டல், அடுத்ததற்கு அறிவிப்பு என்ற பேச்சே கிடையாது. ஒன்றுக்குள்ளிருந்து இன்னொன்று கிளம்பி, செட்டின், அதாவது ஒரே ராத்திரியில் தனித்தனியாக நடக்கும் கச்சேரிகளில் ஒன்றின், பெரும்பகுதி ஒரே ஓட்டமாகப் போனது. எங்கே திரும்புகிறது என்பதை அறிவிப்பது பேஸ்தான். கார்ட்டர் நாலு ஸ்வரத்தில் வேறொரு பாட்டின் வாசலைக் காட்டுவார். ரோஸ்னஸ் தலையைக்கூட நிமிர்த்தாமல் அதைப் பிடித்துக்கொள்வார். இரண்டு சுற்றுக்குள் நால்வரும் அங்கே இருப்பார்கள். 1963 முதல் 1968 வரை டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக், டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸோடு சேர்ந்து இவர் செய்த வேலையே இதுதான். பாட்டை நடுவழியில் வளைப்பது, வளைந்த பிறகும் தாளம் கலையாமல் பார்த்துக்கொள்வது. அந்த வேலையை இப்போது என் கண்முன்னால், ஐந்தாறு அடி தூரத்தில் செய்துகொண்டிருந்தார்.

அந்தத் தூரத்தில் மட்டுமே தெரியும் சில விஷயங்கள் உண்டு. இடது கை விரல் தந்தியை அழுத்திய இடத்திலேயே நிற்பதில்லை. ஒலி எழுந்த பிறகு மேலே நழுவுகிறது, அல்லது ஒரு நூலிழை கீழே இறங்கி வந்து நிலைக்கிறது. ஸ்வரத்தை அவர் விடுவதற்கு முன்பு அது நீண்டு ஒலிக்கிறது, அடுத்த ஸ்வரத்தின் வாயில்வரை. டபுள் பேஸ் என்றால் தும் தும் என்று எண்ணிக்கை போடும் வாத்தியம் என்று நினைத்திருப்பவர்கள், அந்த நீட்சியை ஒரு தடவை பக்கத்தில் கேட்க வேண்டும். கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது உடனே பிடிபடும். இன்னொன்று, வலது கை. தந்தியை இழுக்கும் முன் விரல் அதன்மேல் கணநேரம் படுத்திருக்கிறது. அவசரமே இல்லை. அதே சமயம் தாளம் பின்வாங்கவும் இல்லை. கிராஸ்லியின் சிம்பலும் அந்த விரலும் ஒரே புள்ளியில் விழும்போது அதிர்வு தரை வழியாக நாற்காலிக்கு வந்து சேர்கிறது. இதை ஒலிப்பதிவில் கேட்க முடியாது, உடம்பில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு மற்ற மூவரும் ஒதுங்கிக்கொள்ள, தனியாக வாசித்தார். அவர் மேடைகளில் பல வருடங்களாக வாசித்து வரும் ‘யூ ஆர் மை சன்ஷைன்’. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கும் தெரிந்த மெட்டு. முதல் தடவை மெட்டை அப்படியே, எந்த அலங்காரமும் இல்லாமல் வாசித்தார். இரண்டாம் தடவை அடியில் ஒரு ஸ்வரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மேல் தந்தியில் மெட்டு. அதன்பிறகு இரண்டு தந்திகள் சேர்ந்து பேசின. நடுவில் மேற்கத்திய இசைமேதை பாக்கின் செல்லோ இசை போல ஒரு வரி எட்டிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது, காரணம் இருக்கிறது. கார்ட்டர் 1937 மே மாதம் மிச்சிகனில் பிறந்தவர். பத்து வயதில் கற்றுக்கொள்ளத் தொடங்கியது பேஸைவிடச் சிறிய செல்லோ. கறுப்பின மாணவனுக்கு அதில் வாய்ப்பு வராது என்று கண்டுதான் பள்ளியிலேயே பேஸுக்கு மாறினார். ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் படிக்கும்போது, நன்றாக வாசிக்கிறாய், ஆனால் எங்கள் நிர்வாகக் குழு கறுப்பர் ஒருவரைச் சிம்ஃபனி இசைக்குழுவில் சேர்க்கத் தயாராக இல்லை என்ற பொருளில் இசைக்குழு நடத்துநர் லியோபோல்ட் ஸ்டகோவ்ஸ்கி அவரிடம் சொன்னதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் 1959இல் ஈஸ்ட்மனில் பட்டம் வாங்கினான், 1961இல் மன்ஹாட்டன் இசைப்பள்ளியில் முதுகலை வாங்கினான். 2015இல் கின்னஸ் கணக்குப்படி 2,221 ஒலிப்பதிவுகள். ஜாஸ் பேஸ் கலைஞர்களில் வேறு யாரும் அவ்வளவு செய்ததில்லை. சிம்ஃபனிக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கையிலிருந்து பாக் எட்டிப் பார்க்கும்போது, எனக்கு மட்டும் இல்லை, அறையில் யாருக்கும் கைதட்டக்கூட உடனே தோன்றவில்லை.

வயது தெரியவில்லையா என்றால், தெரிகிறது. அதை மறைத்துச் சொல்வது விமர்சனம் ஆகாது. வேகமான இடங்களில் முன்பு நாலு ஸ்வரம் போட்ட இடத்தில் இப்போது இரண்டு. மேல்ஸ்தாயியில் ஓரிரு இடம் சுருதி உரசியது. செட் முடிந்து படியேறும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் முழு செட்டும் நின்றுகொண்டே வாசித்தார். அந்த இரண்டு ஸ்வரங்களும் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தன. ஐம்பது வருடம் முன்பு எல்லாவற்றையும் சொல்ல முடிந்தவர், இப்போது எதைச் சொல்லாமல் விடலாம் என்று தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வைக் கேட்கத்தான் நான் போகிறேன்.

ஒரு விஷயத்தை நேரிலேயே பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வயது எல்லா வாத்தியத்தையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. ஊதுபவர்களைத்தான் முதலில் பிடிக்கிறது. மூச்சு, பல், உதட்டுத் தசை மூன்றும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டிய வாத்தியங்கள் அவை. சாக்ஸஃபோன் மேதை சானி ராலின்ஸ் நுரையீரல் நோயால் 2012க்குப் பிறகு மேடையில் வாசிக்கவில்லை. அத்தனை பெரிய மூச்சு கொண்டவருக்கே அந்தக் கதி. டிரம்ஸ்காரர்களுக்குத் தோளும் மணிக்கட்டும். அதிலும் விலக்கு உண்டு. ராய் ஹெய்ன்ஸ் 1925இல் பிறந்தவர். லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் காலத்திலிருந்து வாசித்தவர். தொண்ணூறைத் தாண்டியும் ஒவ்வொரு மார்ச்சிலும் இதே ப்ளூ நோட்டில் பிறந்தநாள் கச்சேரி நடத்தினார். சோலோ நடுவே எழுந்து வந்து காலணியால் தரையில் தாளம் தட்டி ஆடுவார். 2024 நவம்பரில், 99 வயதில் போய்ச் சேர்ந்தார். பியானோவும் பேஸும் உட்கார்ந்து, சாய்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய வாத்தியங்கள். மெக்காய் டைனரைக் கடைசி வருடங்களில் பார்த்தபோது மேடைக்கு வருவதே பெரும்பாடு. மெலிந்து, அடிமேல் அடி வைத்து வந்து உட்கார்ந்தார். வலது கை ஓட்டங்களில் பழைய கூர்மை இல்லை. இடது கை கீழ்க்கட்டைகளில் அந்தப் பஞ்சமக் கோர்வையை இறக்கியதும் மேசையில் என் தண்ணீர்க் கோப்பை அதிர்ந்தது. சாக்ஸஃபோன் மேதை கோல்ட்ரேனோடு வாசித்த அதே கை. 2020 மார்ச்சில் அவரும் போனார்.

அடுத்து வில்லேஜ் வான்கார்ட். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். செவன்த் அவென்யூ சவுத்தில் சிவப்புக் கூரைத் துணி, அதன் கீழே ஒரு கதவு, செங்குத்தாகக் கீழே இறங்கும் குறுகிய படிக்கட்டு. 1935இல் மாக்ஸ் கோர்டன் தொடங்கியது. கவிதை, நகைச்சுவை, நாட்டுப்பாடல் எல்லாம் பார்த்துவிட்டு 1957 முதல் ஜாஸ் மட்டும் என்று ஆயிற்று. அவர் 1989இல் இறந்த பிறகு மனைவி லொரெய்ன் எடுத்து நடத்தினார். 2018இல் அவரும் மறைந்ததும் மகள் டெபோரா. உள்ளே 123 பேர்தான் உட்காரலாம். அறை ஆப்பு வடிவில் குறுகிக்கொண்டே போய், நுனியில் மேடை. அந்த வடிவம்தான் அதன் ஒலியின் ரகசியம் என்பார்கள். எனக்கு ஒலியியல் தெரியாது. பிரஷ்ஷால் ஸ்நேர் டிரம்மைத் தேய்க்கும் சத்தம் கடைசி மேசைவரை அப்படியே வருகிறது, அது தெரியும். ராலின்ஸ் 1957இலும், பில் எவான்ஸும் கோல்ட்ரேனும் 1961இலும் ஒலிப்பதிவு செய்தது இந்த அறையில்தான். சுவரெல்லாம் அவர்கள் படம்.

இங்கே சாப்பாடு கிடையாது. ஒரு பானம் வாங்கினால் போதும். போன் எடுக்கக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, பேசக் கூடாது. தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள், மீறினால் ஆள் வந்து நிற்பார். வயதான கலைஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை. மெல்ல வாசிக்க அவரால் முடிகிறது. சத்தமான இடத்தில் மூத்தவர்கள் பாவம், கூட்டத்தை அடக்குவதற்கே பலத்தைச் செலவழிக்கிறார்கள். வான்கார்டில் கென்னி பேரனின் பியானோவைக் கேட்டபோது, ஒரு பல்லவியின் கடைசி ஸ்வரத்தை மிதியில் பிடித்துவைத்துக்கொண்டு, அது அடங்கும்வரை அடுத்ததைத் தொடவில்லை. அது அடங்குவதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். பூமிக்கடியில் ரயில் ஓடும் மெல்லிய உறுமலும் கேட்டது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் படிக்கட்டு முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம்தான். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் தெருமட்டத்தில் இருக்கும் ப்ளூ நோட் மேல்.

பெரிய அரங்கு எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2010 செப்டம்பரில் பீக்கன் தியேட்டரில் ராலின்ஸின் எண்பதாம் பிறந்தநாள் கச்சேரி. நான் மாடியில், தூணுக்குப் பக்கத்தில். இடுப்பு வளைந்து, தள்ளாடித்தான் மேடைக்கு வந்தார். சாக்ஸஃபோனை வாயில் வைத்ததும் முதுகு நிமிர்ந்தது. ஜிம் ஹால் கிட்டார் வாசித்தார், ராய் ஹார்க்ரோவ் டிரம்பெட் ஊதினார், ரசல் மலோன் வந்தார். அப்புறம் ராய் ஹெய்ன்ஸ் டிரம்ஸில், கிறிஸ்டியன் மெக்பிரைட் பேஸில், பியானோ இல்லாமல் மூவர் மட்டும் ஒரு ப்ளூஸ். ராலின்ஸ் நடுவில் மைக்கைப் பிடித்து, உள்ளே இன்னொருவர் வாத்தியத்தோடு நிற்கிறார், வரட்டும் என்பதுபோலப் பேசினார். யாரும் வரவில்லை. மறுபடி வாசித்தார். பிறகு ஓரத்திலிருந்து மெல்ல நடந்து வந்தவர் இன்னொரு சாக்ஸஃபோன் மேதை ஆர்னெட் கோல்மன். அவருக்கும் எண்பது. இருவரும் ஒன்றாகப் பொதுமேடை ஏறியது அதுவே முதல் தடவை. கோல்மன் வாசித்த சுருதி அந்தப் பாட்டுக்குள்ளும் இருந்தது, வெளியேயும் இருந்தது. ராலின்ஸ் அதைக் கேட்டுவிட்டுத் தன் வழியை விட்டு அவர் வழியில் இறங்கினார். எண்பது வயதில் ஒருவர் தன் பிறந்தநாள் கச்சேரியில், தன் மேடையில், இன்னொருவருக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொண்டதை மாடியிலிருந்தே பார்த்தேன். பெரிய அரங்கில் மூன்றுக்கு மேல் நட்சத்திரம் கொடுத்த ராத்திரி எனக்கு அது ஒன்றுதான். ஹால், ஹார்க்ரோவ், கோல்மன், ஹெய்ன்ஸ், மலோன் ஐவரும் இப்போது இல்லை.

இதற்கு நேர்மாறான ராத்திரியும் உண்டு. ஊரைச் சொல்ல வேண்டாம், பெயரையும் விட்டுவிடுவோம். மிகப் பெரிய பெயர், புறநகரில் பெரிய அரங்கு, ஒரு டிக்கெட் நூறு டாலருக்கு மேல். மேடைக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இரண்டு பாட்டில் மட்டும் கொஞ்சம் வாசித்தார். மீதி நேரமெல்லாம் இளைஞர்கள் அவரைச் சுற்றிச் சத்தமாக வாசித்தார்கள். ஒலிபெருக்கியில் பேஸ் ஒரே கூழ். அவர் ஒரு இடத்தில் கையைத் தூக்கி அவர்களை அமைதிப்படுத்தப் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கோபம் அந்தக் கலைஞர்மேல் இல்லை. அவரால் எது முடியும் என்று தெரிந்தும் அதற்கு ஏற்ற மேடையைக் கொடுக்காதவர்கள்மேல். பியானோவும் பேஸும் மட்டும் துணைக்கு வைத்து, நாற்பது நிமிடம், சிறிய அறையில் வாசிக்க விட்டிருந்தால் அதே மனிதர் எங்களை அழவைத்திருப்பார்.

அதிலிருந்து விளம்பரத்தை வரிவரியாகப் படிக்கிறேன். மேதையின் பெயருக்குப் பக்கத்தில் ‘சிறப்பு விருந்தினர்’, ‘கௌரவிப்புக் கச்சேரி’ என்ற மாதிரி சொற்கள் இருந்தால், அவர் எவ்வளவு நேரம் வாசிப்பார் என்று கேட்காமல் வாங்காதீர்கள். குழுவில் எத்தனை பேர் என்று பாருங்கள். மூன்று, நான்கு பேர் என்றால் நம்பி வாங்கலாம். எட்டு, பத்து பேர் என்றால் அவருக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடாக இருக்கலாம். கூட வாசிப்பவர்கள் பல வருடக் கூட்டாளிகளா என்பது இன்னும் முக்கியம். கிராஸ்லி கார்ட்டரோடு எவ்வளவோ காலமாக இருப்பவர். பெரியவர் மூச்சு வாங்கும் இடம் அவருக்குத் தெரியும், அங்கே நிரப்பாமல் விடுவார். அன்றைக்கு வாடகைக்கு அழைத்த தாளக் குழுவுக்கு அது தெரியாது.

எந்த செட் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஊதுபவர் என்றால் முதல் செட், உதடு களைக்குமுன் கேட்டுவிட வேண்டும். பியானோ, பேஸ் என்றால் இரண்டாவது. முதல் செட்டில் சூடேறிய விரல், கலைந்துபோன கூட்டம், வீட்டுக்கு ஓட வேண்டிய அவசரமில்லாத ரசிகர்கள். அந்த நேரத்தில் அவர்கள் பட்டியலில் இல்லாததை வாசிப்பார்கள். வான்கார்டில் ஒரு குழு செவ்வாய் முதல் ஞாயிறு வரை வாசிக்கும். திங்கள்கிழமை 1966 முதல் அங்கே வாசித்துவரும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. செவ்வாயன்று குழு அறையைப் பழகிக்கொண்டிருக்கும், வெள்ளி சனி சுற்றுலாக் கூட்டம். நான் புதனோ வியாழனோ எடுப்பேன். டிக்கெட் சுமார் 40 டாலர், பானம் தனி. புறநகர் அரங்கின் ஒரு டிக்கெட் காசில் இங்கே இரண்டு ராத்திரி.

கென்னி பேரன் 1943இல் பிறந்தவர், டிரம்ஸ்காரர் பில்லி ஹார்ட் 1940, ஹெர்பி ஹான்காக்கும் 1940. இவர்கள் பெயரைக் கிளப்களின் அட்டவணையில் கண்டால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போடுவதில்லை. ஹான்காக் பெரும்பாலும் பெரிய அரங்குகளில்தான் வாசிக்கிறார். அவருக்கு மட்டும் காசு பார்க்காமல் முன்வரிசை எடுங்கள். கார்ட்டர் ப்ளூ நோட்டுக்கு வந்தால் மேடைக்கு நேர் எதிர் மேசை வேண்டாம், பேஸ் இருக்கும் பக்கத்து மேசையைக் கேளுங்கள். பியானோ கொஞ்சம் குறைவாகக் கேட்கும், பரவாயில்லை. அவர் இடது கை முழுசாகத் தெரியும்.